அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம், எனக்கு வராத ஜெர்மன்

இன்னும் பத்தொன்பது நாளில் எனக்குப் பரீட்சை. ஜெர்மன் மொழி, பி2 நிலை. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும், ஒரு கை அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு, செல்போனை ஜன்னல் ஓரம் நிறுத்தி, ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, கேட்கும் பயிற்சியை ஓடவிடுவேன். வெளியே டிராம் போகும். யாரோ நாயைத் திட்டுவார்கள். பக்கத்து அறையில் இருக்கும் கோட்டயத்துப் பெண் எட்டிப் பார்த்து, "ஹெட்போன் வாங்கக் காசில்லையா?" என்று கேட்பாள். நல்ல ஹெட்போன் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஏன் எடுப்பதில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால், பாம்பனில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் ஊர் பாம்பன். அப்பா ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்றில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். சொந்தப் படகு கிடையாது. அம்மா பாசி எடுக்கிறவர். கடல்பாசி என்றதும் நோன்புக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் ரோஸ் கலரில் துண்டு போட்டுக் கொடுப்பார்களே, அது உங்களுக்கு ஞாபகம் வரலாம். அதற்கு மூலப்பொருள் இந்த மாதிரிப் பாசிதான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையடியில் போய் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து வருவார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மாதத்தில் அவ்வளவுதான் அம்மாவுக்குச் சம்பாத்தியம். அந்தக் காசிலும் ஒரு படிப்புக் கடனிலும்தான் நான் நர்சிங் முடித்தேன்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். கடனுக்கு வட்டி கட்டினேன், அசல் அப்படியே இருந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி ஜெர்மனி போனாள். அங்கே நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு, ஆனால் பாஷை தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றாள். மொழித் தகுதியை ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படியாக வைத்திருக்கிறார்கள். என்னை எடுத்துக்கொள்ள முன்வந்த ஆஸ்பத்திரி, பி1 முடித்துவிட்டு வா, பி2 இங்கே வந்து எழுது என்றது. பி2 தேறி, பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர்தான், நர்ஸ் இல்லை. ஊசி போட்ட கையால் நான் இப்போது படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

ஏ1, ஏ2 இரண்டையும் மதுரையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். பி1-க்கு அது முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். இருபத்தேழு வயசுப் பெண் வேலையை விட்டுவிட்டுக் கையில் நோட்டோடு தெருவில் நடந்தால் எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். அப்பத்தா மட்டும் என் பக்கம். "படிக்கிற பிள்ளைய நோண்டாதீகடா" என்று ஒரு அதட்டல்.

ஜெர்மன் படிக்கத் தமிழ் உதவுமா என்று கேட்டால், உதவும், எதிர்பாராத இடத்தில் உதவும். 'வைல்' என்று ஒரு சொல் இருக்கிறது, 'ஏனென்றால்' என்று அர்த்தம். அதைப் போட்டதும் வினைச்சொல் ஓடிப்போய்க் கடைசியில் உட்கார்ந்துகொள்ளும். ஏனென்றால் - நான் - ஜெர்மனியில் - வேலைசெய்ய - விரும்புகிறேன். வரிசை அச்சு அசல் நம்முடையதுதான். இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் படித்தவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நான் சும்மா நடந்து போனேன். வேற்றுமை உருபுகளும் அப்படித்தான். அங்கே நாலு, நமக்கு எட்டு. எட்டைப் பார்த்தவளுக்கு நாலு என்ன பெரிசு என்று திமிராக இருந்தேன்.

அந்தத் திமிரை அடக்கியது ஆண்பால் பெண்பால்தான். மேஜை ஆண், கதவு பெண், சின்னப் பெண் அஃறிணை! ஒரு நாள் சாயங்காலம் கடலுக்கு என்ன பால் என்று பார்த்தேன். 'மேர்' என்று சொன்னால் அஃறிணை. 'ஸே' என்று சொல்லிப் பெண்பால் போட்டாலும் கடல். அதே 'ஸே'க்கு ஆண்பால் போட்டால் ஏரி. அம்மாவிடம் சொன்னேன். ஈரப் பாசியை உதறிக்கொண்டே, "கடல் பொம்பளதான். இதுக்கு எதுக்குப் புத்தகம்?" என்றார்.

முதல் பரீட்சை 2024 பிப்ரவரியில். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. பழைய பாலம் 1914-இல் கட்டியது, 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்தி விட்டார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. நானும் அம்மாவும் ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய், அங்கே ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். நுங்கம்பாக்கத்தில் கோதே இன்ஸ்டிட்யூட். பழைய ஆட்கள் மேக்ஸ் முல்லர் பவன் என்பார்கள். அம்மா வாசலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

பி1-இல் நாலு பகுதி. வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் 40 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம், பேச்சு. ஒவ்வொன்றுக்கும் நூறு மார்க், ஒவ்வொன்றிலும் அறுபது வாங்க வேண்டும். ஒன்றில் போனாலும் முழுத் தேர்ச்சி கிடையாது, ஆனால் போன பகுதியை மட்டும் திருப்பி எழுதலாம்.

பேச்சில் ஒரு தலைப்பு கொடுத்து, உன் நாட்டில் இது எப்படி என்று சொல்லச் சொல்வார்கள். எனக்கு வந்தது வேலை சம்பந்தப்பட்டது. அம்மாவைப் பற்றிச் சொல்லலாம் என்று ஆசையாக ஆரம்பித்தேன். தமிழில் நாம் பாசி எடுக்க முங்குவதையும் படகு முங்குவதையும் ஒரே சொல்லில் சொல்கிறோம். ஜெர்மனில் அது இரண்டு சொல். நான் எடுத்தது இரண்டாவது. 'என் அம்மா மாதத்தில் பன்னிரண்டு நாள் கடலில் மூழ்கிப் போகிறார்' என்று கம்பீரமாகச் சொன்னேன். எதிரே இருந்த அம்மாளின் புருவம் ஏறி இறங்கியது. "ஆனால் திரும்பி வந்துவிடுவார்" என்று சேர்த்துக்கொண்டேன். சிரித்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் தேறிவிட்டேன்.

ரிசல்ட் வந்தபோது மூன்று பகுதி பாஸ். கேட்டலில் 57.

அந்த 57 என்ன தெரியுமா? கேட்டலில் முப்பது கேள்வி. பதினெட்டு சரியாக இருந்தால் அறுபது. எனக்குப் பதினேழு. ஒரே ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்விக்காக மறுபடி கட்டணம், மறுபடி சென்னை, மறுபடி அம்மா எத்தனை முறை முங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கணக்கைப் பாதியில் நிறுத்தினேன். ஆளெடுக்கும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ஜூலைக்குள் சான்றிதழ் இல்லையென்றால் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். ஆனால் அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

எங்கே கோட்டை விட்டேன் என்று யோசித்தால் தெரியாமலில்லை. வீட்டில் கதவை மூடிக்கொண்டு, ஹெட்போன் போட்டு, ஒவ்வொரு பதிவையும் ஐந்து தடவை கேட்டுப் படித்தவள் நான். பரீட்சையில் ஒலிபெருக்கி. ஒரு பெரிய அறை, யாரோ இருமுகிறார்கள், நாற்காலி கிறீச்சிடுகிறது. சில பகுதிகள் இரண்டு தடவை வரும், சில ஒரே தடவைதான். அதோடு எண்கள். ஜெர்மன்காரர்கள் முப்பத்தைந்தை 'ஐந்தும் முப்பதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். 'ஹால்ப் ஆஹ்ட்' என்றால் சொல்லுக்குச் சொல் 'எட்டு அரை', ஆனால் அது ஏழரை மணி. 'நீ' என்று ஒரு சொல், 'ஒருபோதும் இல்லை' என்று அர்த்தம். ஒரு பயிற்சிப் பதிவில் ஒருவர் 'நான் ஒருபோதும் பஸ்ஸில் போவதில்லை' என்று சொல்கிறார். என் காது அந்த 'நீ'யைத் தமிழ் 'நீ' என்று எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டது. பஸ்ஸில் போகிறார் என்று எழுதினேன்.

ஏப்ரல் 15 ஆனதும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா வீட்டில் இருந்தார். வீட்டில் இருக்கிற அப்பாவுக்கு என் ஹெட்போன் கண்ணை உறுத்தியது.

"என்னத்தா கேக்குற, அஞ்சு தடவ, ஆறு தடவ?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரியணும்ல அப்பா."

அதற்கு அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. வலை முடிந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, நான் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நடந்ததைப் பற்றிப் பேசினார். அதுவரை அதைப் பற்றி அவர் வீட்டில் வாயே திறந்ததில்லை. எல்லை தாண்டியதாக அவர் போன படகைப் பிடித்து அந்தக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வாரம் சிறை. அம்மா கலெக்டர் ஆபீஸுக்கும் மீனவர் சங்கத்துக்குமாக நடந்தார். எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

"ராத்திரி. லைட்ட மூஞ்சில அடிக்கிறான். பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு ஒருத்தன் 'என்ன, என்ன'ங்கிறான். நான் 'ஒண்ணுமில்லங்கய்யா, ஒண்ணுமில்ல'ங்கிறேன். அவன் மறுக்கா 'என்ன'ங்கிறான். நான் கையெடுத்துக் கும்பிட்டு, மீனு புடிக்கத்தான்யா வந்தோம்ங்கிறேன். அவனுக்குக் கோவம் ஏறுது. இவன் ஏன் கேட்டதையே கேக்குறான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிருது. பெறகு நம்ம படகுல இருந்த பெரியவர் ஒருத்தர் சொன்னாரு. சிங்களத்துல 'என்ன'ன்னா 'வா'ன்னு அர்த்தமாம். அவன் படகுக்கு வாடான்னு கூப்புட்டுருக்கான்."

நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

"அந்த ஒத்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத் தொங்குனேன் தாயி. அவன் கையக் காட்டுனான், படகக் காட்டுனான், கயித்தத் தூக்கிப் போட்டான். எதையும் பாக்கல. தெரிஞ்ச வார்த்த மாதிரி இருந்துச்சுல்ல, அதுலயே நின்னுட்டேன்."

உள்ளே ஆறு வாரத்தில் அப்பா சிங்களம் ஓரளவு கற்றுக்கொண்டாராம். தண்ணி, சோறு, உட்கார், நாளைக்கு, எத்தனை. 'நாளைக்கு' என்ற சொல்லைத்தான் முதலில் பிடித்தேன் என்றார். எப்போது விடுவார்கள் என்று யாரைக் கேட்டாலும் அதுதான் பதிலாக வருமாம். நோட்டு கிடையாது, ஹெட்போன் கிடையாது, இரண்டாம் தடவை ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

மறுநாளிலிருந்து என் படிப்பு கடற்கரைக்குப் போனது. மே மாதம், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. கரையில் ஏற்றிய படகுகளில் மராமத்து வேலை, டம் டம்மென்று சுத்தியல். செல்போனை ஒரு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் வைத்து, சத்தமாக ஓடவிட்டு, ஒரு தடவை மட்டும் கேட்டு, உடனே விடை எழுத வேண்டும். அதுதான் அப்பா போட்ட சட்டம். நிறுத்துவதற்குக் கை போனால், "அவன் மறுக்கா சொல்ல மாட்டான்" என்பார். முதல் வாரம் முப்பதுக்குப் பதினொன்று. அழுகையாக வந்தது. இரண்டாம் வாரம் பதினாறு. புரியாத சொல் வந்தால் அதைப் போகவிட்டு அடுத்ததற்குத் தயாராக இருப்பது எப்படி என்று மெதுவாகப் பிடிபட்டது. எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது, தெரியாத சொல்லை விட்டுவிடுவது கையில் இருக்கும் காசைக் கடலில் போடுவது மாதிரி இருக்கும்.

எண்களுக்கும் அப்பாதான் துணை. அவர் ஏதாவது மீன் விலையைச் சொல்வார், நான் ஜெர்மனில் தலைகீழாக்கிச் சொல்ல வேண்டும். எழுபத்து மூன்றா, 'மூன்றும் எழுபதும்'. நாற்பத்தெட்டா, 'எட்டும் நாற்பதும்'. அவருக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போனது. டீக்கடையில் இருபத்தைந்து ரூபாயை "அஞ்சும் இருபதும்" என்று சொல்லிக் கடைக்காரரைக் குழப்பிவிட்டு வந்தார்.

அந்த நாட்களில் இரண்டு விஷயம் படித்தேன், இரண்டுமே பரீட்சைக்குச் சம்பந்தமில்லாதவை. ஒன்று, இதே சோழமண்டலக் கரையில் வடக்கே தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர். வந்தபோது தமிழில் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பது வருஷத்தில் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சுப் போட்டு முடித்துவிட்டார். அவருக்கு ஜூலைக் கெடு வைக்க ஏஜென்சி இல்லை என்று பொறாமைப்பட்டேன்.

இன்னொன்று பாசி. நர்சிங்கில் கல்ச்சர் டெஸ்ட் படித்திருக்கிறேன். சளியையோ ரத்தத்தையோ தட்டில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அந்தத் தட்டில் இருக்கும் கூழ் அகர், பாசியிலிருந்து எடுப்பது. அதைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்தது ஒரு வீட்டுக்காரம்மா என்பது என் பாடப் புத்தகத்தில் இல்லை. ராபர்ட் கோக்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி. ஜெலட்டின் கோடைச் சூட்டில் உருகி ஓடுகிறது என்று கணவர் புலம்ப, நான் ஜெல்லி செய்யும் அகர் உருகுவதில்லையே, அதைப் போட்டுப் பாருங்கள் என்று 1881-இல் சொன்னார். மறு வருஷம் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை உலகுக்கு அறிவித்தார். எங்கள் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். அம்மாவிடம் விளக்கினேன். "அந்தம்மாவுக்கு என்ன குடுத்தாக?" என்றார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டுப் பாசியைக் காயப்போடப் போனார்.

ஜூன் முதல் வாரம் இரண்டாம் முறை. இந்தத் தடவை அப்பா கூட வந்தார். கேட்டல் மட்டும்தான், நாற்பது நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியம் முழுசாகக் கை நழுவிப்போனது. பிப்ரவரியாக இருந்தால் அதையே துரத்திக்கொண்டு அடுத்த இரண்டையும் விட்டிருப்பேன். விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டேன். வெளியே வந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "சத்தம் இருந்துச்சா?" பின்னால் ஒருவர் விடாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

ஹெட்போன் கதை அவ்வளவுதான். பி2-இலும் அதைத் தொடவில்லை. இங்கே வார்டில் ஹெட்போனில் பேசுகிற நோயாளி யாருமில்லை. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் பாட்டிகள், பாதி வார்த்தையை மீசைக்குள் விழுங்கும் தாத்தாக்கள். ஒரு நாள் மருந்து அளவை ஒருவர் 'ஐந்தும் முப்பதும்' என்று சொன்னபோது, கை எழுதுவதற்கு முன்னால் மனசுக்குள் அப்பாவின் மீன் விலைதான் ஓடியது.

போன மாதம் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போயிருந்தேன். 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயில், ஊரிலிருக்கும் மாதிரியே கோபுரம். பிரசாத வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "சோதினையோ பிள்ளை? நாங்கள் வரேக்க வகுப்பும் இல்லை, புத்தகமும் இல்லை. அவர் கோப்பை கழுவின இடத்தில கேட்டதுதான் எங்கட டொச்" என்றார். நான் பாம்பன் என்றதும், "அப்ப அங்கால கரை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு வடையும் வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் ரிசல்ட் வந்த நாளைச் சொல்ல மறந்துவிட்டேன். தடைக்காலம் முடிந்து அப்பா முந்தின நாள் காலையில் டோக்கன் போட்டுக் கடலுக்குப் போயிருந்தார். ராத்திரி செல்போனில் பார்த்தேன், 73. அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்குச் சொல்ல வழியில்லை. விடிவதற்குள் ராமேஸ்வரம் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவின் படகு கொஞ்சம் தள்ளியே நின்றது, முன்னால் வேறு இரண்டு படகுகள். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கையை விரித்தார். நான் இரண்டு கையையும் தூக்கி முதலில் ஏழு விரல் காட்டினேன், பிறகு மூன்று விரல்.

அப்பாவின் முகம் அப்படியே விழுந்தது. ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவர் அதை ஜெர்மன் கணக்கில் படித்துவிட்டார். ஏழும் முப்பதும், முப்பத்தேழு.

"தமிழ்ல அப்பா, தமிழ்ல!" என்று கத்திக்கொண்டு படகுப் பக்கம் ஓடினேன்.